முதல் 45 நாள் பார்க்கக் கூடாதாம். பையனை அந்த இல்லத்தில் விடலாமா?

கேள்வி: 3 ஜூன் 2025
பையனுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு. ஒன்றரை வருடமாக யாருக்கும் அடங்குவதில்லை. டிவியை உடைத்தான். அவன் அம்மாவைத் தள்ளிவிட்டதில் மணிக்கட்டு எலும்பில் விரிசல். தங்கைக்கு 8 வயது, அவளையும் அடிக்கிறான். பள்ளியில் டிசி வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். தெரிந்தவர் ஓர் இல்லத்தைச் சொன்னார். ஆறு மாதம் தங்கவைத்துத் திருத்தி அனுப்புவார்களாம், மாதம் 35,000 ரூபாய். முதல் 45 நாள் பெற்றோர் வரக் கூடாது, போனும் கிடையாது. இப்படி யாராவது விட்டிருக்கிறீர்களா? விடலாமா?
நாமக்கல்லிலிருந்து ஓர் அப்பா

3 ஜூன், இரவு 10.40
விடாதீர்கள் தம்பி. நான் விட்டேன். 2017-ல், என் மகனுக்கும் அப்போது 14 வயது. நீங்கள் எழுதியதில் டிவிக்குப் பதிலாக பீரோ கண்ணாடி என்று போட்டால் அது எங்கள் வீடு. இன்னும் பாத்திரம் கழுவவில்லை, நாளைக்கு விவரமாக எழுதுகிறேன். முன்பணம் கட்டிவிட்டீர்களா என்பதை மட்டும் இன்றைக்கே சொல்லுங்கள்.

4 ஜூன், காலை 5.50
கட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது.

நாங்கள் திருச்சி. அவன் அப்பா துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் ஃபிட்டர். மகனுக்கு அடுத்து ஒரு பெண், மூன்று வயது இளையவள். ஆறாம் வகுப்பிலிருந்தே அவன் கோபம் ஏறிக்கொண்டு போனது. ஏழாவதில் வகுப்பு ஆசிரியர் மேல் டஸ்டரை எறிந்தான். எட்டாவதில் என் மேல் டம்ளரை எறிந்தான், நெற்றியில் தழும்பு இப்போதும் இருக்கிறது. "முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும், பிள்ளையை அடிச்சு வளர்க்கணும்" என்று மாமியார் சொல்லாத நாள் இல்லை. அடித்தும் பார்த்தோம். அவன் அப்பா பெல்ட்டை எடுத்த அன்று இரவே அவன் அதே பெல்ட்டால் தங்கையை அடித்தான். குணசீலம் கோயிலில் 48 நாள் தங்கினால் சரியாகும் என்றார்கள். போனோம். 11-ஆம் நாள் யாரோடோ கைகலப்பு, திரும்பிவிட்டோம். அதற்கு அப்புறம்தான் ஓர் உறவினர் மூலமாக அந்த இல்லம்.

அவனிடம் பழனிக்குப் போகிறோம் என்றுதான் சொன்னோம். வாடகைக் கார். வழியில் அவனுக்குப் பிடித்த கொத்து பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். கேட்டுக்குள் கார் நுழைந்ததும் நான்கு பேர் வந்து கையைப் பிடித்தார்கள். "அம்மா, பழனி இல்லையாம்மா?" என்று கேட்டான். நான் காரைவிட்டு இறங்கவே இல்லை. இறங்கினால் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

தினமும் மாலை ஆறு மணிக்கு போன் செய்வேன். "நல்லா இருக்கான்மா, நீங்க தைரியமா இருங்க" என்பார்கள். 52-ஆம் நாள் பார்க்க விட்டார்கள். மொட்டை அடித்திருந்தார்கள். ஆறு கிலோ குறைந்திருந்தான். என்னைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டு "வணக்கம்மா" என்றான். எனக்கு அன்றைக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பிள்ளை திருந்திவிட்டான் என்று பஸ்ஸில் வரும்போதே எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்குகிறது.

4 ஜூன், மதியம் 2.15
காலையில் பாதியில் விட்டுவிட்டேன்.

நான்கு மாதம் அங்கே இருந்தான். வீட்டுக்கு வந்து 11 நாள் பேச்சே இல்லை. சொன்னதைச் செய்தான், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவினான். 12-ஆம் நாள் அவன் தங்கை பாடப் புத்தகத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தைப் பிடுங்கிக் கிழித்து, தடுக்கப் போன அப்பாவின் கையைக் கடித்தான். முன்பெல்லாம் கோபம் வந்தால் கத்துவான். இந்த முறை சத்தமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

அங்கே என்ன நடந்தது என்பது எங்களுக்கு ஒரே நாளில் தெரியவரவில்லை, துண்டு துண்டாகத்தான் வந்தது. சுவரைப் பார்த்தபடி காலையிலிருந்து இரவுவரை நிற்கவைப்பார்களாம், அதற்கு "மௌனம்" என்று பெயர். ஒரே ஹாலில் முப்பதுக்கும் மேற்பட்ட பேர். பத்து வயதுப் பையனும் இருந்தான், குடிப் பழக்கத்துக்காகக் கொண்டுவந்து விடப்பட்ட 24 வயது ஆளும் இருந்தான். புகையிலையை உதட்டுக்கடியில் வைப்பதை அங்கேதான் கற்றுக்கொண்டான். நான்கு மாதத்தில் டாக்டர் என்று யாரும் அவனிடம் பேசியதில்லை. யாரும் ஒரு புத்தகத்தைத் திறந்து அவன் முன்னால் வைத்ததும் இல்லை. இதை ஏன் குறிப்பாகச் சொல்கிறேன் என்பது அடுத்த பதிவில்.

5 ஜூன், இரவு 9.30
சரி, அப்புறம் என்ன செய்தோம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரு வருடம் இழுபறி. 2018 கடைசியில், ஒரு பெரிய மருத்துவமனையின் மனநலப் பிரிவில், குழந்தைகள் வார்டில் சேர்த்தோம். ஓபியில் பார்த்த டாக்டர் "அட்மிஷன் போடலாம், ஆனா நீங்களும் கூடவே தங்கணும்" என்றார். எனக்குப் புரியவில்லை. பையனைக் கொஞ்ச நாள் பிரித்து வைத்தால்தானே வீடு மூச்சுவிடும்? அதற்குத்தானே ஆஸ்பத்திரி? அவர் மறுத்துவிட்டார். ஐந்து வாரம் தங்கினோம். மகன் கட்டிலில், நான் கீழே பாய் விரித்து. வார்டில் இருந்த இன்னொரு பையனிடம் அவன் சொன்னது: "எங்கம்மாவையும் சேர்த்து அட்மிட் பண்ணிட்டாங்கடா." வார்டே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது.

பிறகு தெரிந்துகொண்டேன், இது நம் நாட்டில் பழைய வழக்கம்தான். 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர் என்ற டாக்டர், நோயாளிகளின் குடும்பங்களை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். வேலூர் சிஎம்சியின் பாகாயம் மனநல மையத்திலும் நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவர் தங்குவதுதான் முறை. பெங்களூரு நிம்ஹான்ஸிலும் குழந்தைகள் பிரிவில் பெற்றோர் கூடவே இருப்பார்கள்.

முதல் வேலையாக எனக்கு ஒரு நோட்டு கொடுத்தார்கள். பையன் எப்போதெல்லாம் வெடிக்கிறானோ அப்போதெல்லாம் மூன்று விஷயம் எழுத வேண்டும்: அதற்கு முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், நான் என்ன செய்தேன். வீட்டில் நடந்தவற்றையும் நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். 31 சம்பவம் எழுதினேன். சைக்காலஜிஸ்ட் பெண், வயது 26 இருக்கும், பென்சிலால் சுழித்துக்கொண்டே வந்து, "அம்மா, இதுல 19 சாயங்காலம் அஞ்சுலேர்ந்து ஏழுக்குள்ள. அந்த நேரத்துல வீட்டுல என்ன நடக்கும்?" என்று கேட்டாள்.

டியூஷன். வீட்டுப்பாடம். வாசிப்பு.

என் மகனுக்கு வாசிக்கத் தெரியவில்லை. எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளை, இரண்டாம் வகுப்புப் பாடத்தை எழுத்துக் கூட்டித்தான் படித்தான். டிஸ்லெக்சியா, அதோடு கவனக் குறைவும் துறுதுறுப்பும் சேர்ந்த ஏடிஎச்டி. எட்டு வருடமாக மனப்பாடம் செய்தும் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்தும் ஒப்பேற்றியிருக்கிறான். அவனைவிடச் சின்னவள் சரளமாக வாசிப்பாள், நான் அவளை அவன் எதிரிலேயே மெச்சுவேன். இரண்டு பேருக்கும் நடுவில் நான்தான் உட்கார்ந்திருந்தேன், எனக்குத் தெரியவில்லை.

எல்லாப் பிள்ளைக்கும் இதே காரணம் இருக்கும் என்று சொல்லவில்லை தம்பி. ஒவ்வொருவனுக்கும் ஒவ்வொன்று இருக்கும். அதைத் தேடிப் பார்க்கும் ஆள் இருக்கும் இடமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

6 ஜூன், காலை 7.00
நேற்று எழுதாமல் விட்டது. மருந்தும் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் ரிஸ்பெரிடோன் குறைந்த அளவில், கோபத்துக்கு. பசி அதிகமாகி மூன்று மாதத்தில் ஏழு கிலோ போட்டான். எடையைப் பார்த்துக்கொண்டே இருந்து பிறகு நிறுத்தினார்கள். கவனத்துக்கான மீத்தைல்ஃபெனிடேட் ரொம்ப நாள் ஓடியது. அது தெருமுனை மருந்துக்கடையில் கிடைக்காது, சீட்டோடு ஆஸ்பத்திரி மருந்தகத்துக்கே போக வேண்டும். மருந்து அவனை மாற்றிவிடவில்லை. ஆனால் உட்கார்ந்து கேட்க வைத்தது.

7 ஜூன், இரவு 8.20
சட்டம் பற்றி நேற்று வேறொருவருக்கு அவசரத்தில் எழுதியதில் இரண்டு தவறு. திருத்துகிறேன்.

"அம்மா கூட இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது" என்று எழுதினேன். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 (நடைமுறைக்கு வந்தது 2018 மே 29), பிரிவு 87 சொல்வது இது: 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரை மனநல நிலையத்தில் சேர்த்தால், அவருடைய பிரதிநிதி, அதாவது பெற்றோர் அல்லது காப்பாளர், அல்லது அவர் நியமிக்கும் உதவியாள் முழு நாளும் உடன் இருக்க வேண்டும். ஆக அம்மாதான் என்றில்லை, சித்தப்பாவும் இருக்கலாம். பெண் பிள்ளை என்றால் உடன் இருப்பவர் பெண்ணாக இருக்க வேண்டும். பெரியவர்களோடு ஒரே இடத்தில் வைக்கக் கூடாது. சேர்க்கும் முன் மனநல மருத்துவர் உட்பட இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும். 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும், 30 நாளைத் தாண்டினால் மறுபடியும்.

இரண்டாவது, "கட்டிப் போடவே கூடாது" என்றேன். சங்கிலி எந்த வடிவிலும் கூடாது, தனி அறையில் அடைப்பதும் கூடாது. ஆனால் உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரம் மட்டும் உடலைக் கட்டுப்படுத்தலாம் என்று இருக்கிறது. வார்டில் ஒரு முறை என் மகனை மூன்று நர்ஸுகள் பிடித்துக்கொண்டார்கள். நான்கு நிமிடம். ஒருவர் நேரம் பார்த்துக் குறித்தார். பிறகு டாக்டர் வந்து, ஏன் பிடித்தோம் என்று அவனிடமே விளக்கினார். அவனை யாராவது பிடித்துவிட்டு அவனுக்கே விளக்கம் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை.

ஒன்று விட்டுப்போனது. மனநல நிலையத்தில் கட்டாய மொட்டை கூடாது என்றும் அந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது. அந்த வரியைப் படித்த அன்று வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

9 ஜூன், இரவு 10.05
"எல்லா இல்லத்தையும் ஒரே தராசில் போடாதீர்கள், பிள்ளைகளை வெளியே வைத்துத்தான் குணப்படுத்த வேண்டிய நிலை உண்டு" என்று ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியிருக்கிறார். ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. வார்டில் இருந்த சோஷியல் ஒர்க்கர் சொன்ன ஒரு பழைய கதையை இங்கே சொல்கிறேன், பிறகு நானும் தேடிப் படித்தேன்.

முதல் உலகப் போர் முடிந்த சமயம், ஆஸ்திரியாவில் ஓபர்ஹொல்லப்ருன் என்ற இடத்தில், அகதிகள் முகாமாக இருந்த மரக் கொட்டகைகளில், ஆகஸ்ட் ஐக்ஹார்ன் என்பவர் தறிகெட்ட பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் நடத்தினார். எந்தக் குழுவிலும் வைக்க முடியாத 12 பையன்கள் மிஞ்சினார்கள். எல்லோரும் வீட்டில் அன்பில்லாமல், கொடூரமாக அடிபட்டு வளர்ந்தவர்கள். அந்தக் குழுவை அவரே எடுத்துக்கொண்டார். ஊழியர்களுக்குச் சொன்னது: முடிந்தவரை விட்டுவிடுங்கள், திருப்பி அடிக்காதீர்கள். பையன்கள் மேஜை நாற்காலியை உடைத்தார்கள், ஜன்னல் கண்ணாடி எல்லாம் போயிற்று, ஆளுக்கொரு மூலையில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அக்கம்பக்கத்தார் புகார் சொன்னார்கள். அவர் அசையவில்லை. ஒரு கட்டத்தில் திருப்பி அடிக்க ஆளே இல்லாமல் போனதால் பையன்களின் ஆத்திரம் அழுகையாக மாறியது. அதன் பிறகுதான் அவர்களைப் புதிதாகத் தயார் செய்த கொட்டகைக்கு மாற்றினார்.

நூறு வருடத்துக்கு முன்னால் பிள்ளைகள் ஜன்னலை உடைத்த இடத்தை நான் நம்புவேன் ஐயா. 52-ஆம் நாள் கையைக் கட்டி வணக்கம் சொல்லவைக்கும் இடத்தை நம்ப மாட்டேன். அடங்குவது வேறு, ஆறுவது வேறு. எனக்கு அன்றைக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

10 ஜூன், காலை 11.30
புகையிலை விஷயத்தை ஒருவர் கேட்டிருந்தார், "கெட்ட சகவாசம் வெளியேயும்தானே இருக்கிறது?" இருக்கிறது. ஆனால் ஒரே மாதிரிச் சிக்கல் உள்ள பிள்ளைகளை ஒரு கூரைக்கடியில் சேர்ப்பதால் என்ன ஆகும் என்று ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1939-ல் ஆரம்பித்து, 500-க்கும் மேற்பட்ட பையன்களில் பாதிப் பேருக்கு வருடக்கணக்கில் ஆலோசனையும் உதவியும் கொடுத்தார்கள். முப்பது வருடம் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிப் பிடித்தபோது, உதவி பெற்றவர்கள் பெறாதவர்களைவிட மோசமாக இருந்தார்கள். அதிலும் கோடை முகாமுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டவர்கள்தான் ரொம்ப மோசம். ஆரிகன் மாநிலத்தில் தாமஸ் டிஷியன் நடத்திய ஆய்விலும், சிக்கலான பிள்ளைகளைக் குழுவாக உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்ததில் புகைப்பதும் அடாவடியும் கூடியது. ஒருவன் செய்த அட்டகாசத்தைச் சொல்ல, மற்றவர்கள் சிரிக்க, அந்தச் சிரிப்பே பரிசாகிவிடுகிறது.

என் மகன் அந்த ஹாலில் பூட்டை ஹேர்பின்னால் திறக்கக் கற்றான். முதல் முறை திறந்தபோது எல்லோரும் கைதட்டினார்களாம்.

14 ஜூன், இரவு 11.50
திருநெல்வேலியிலிருந்து ஒரு தாய் எழுதியதைப் படித்த பிறகு இரண்டு நாள் எதுவும் எழுத முடியவில்லை. "நீங்கள் மகனைப் பற்றியே எழுதுகிறீர்கள். அடி வாங்கிய மகளைப் பற்றி ஒரு வரி இல்லை" என்கிறார்.

உண்மை. இங்கேயும் அவளை விட்டுவிட்டேன், வீட்டிலும் அப்படித்தான் விட்டேன்.

நான் ஐந்து வாரம் வார்டில் இருந்தபோது அவள் என் தங்கை வீட்டில் இருந்தாள். திரும்பி வந்து, "அம்மா, சித்தி வீட்டுலயே இருக்கட்டுமா? அங்க தூங்க முடியுது" என்றாள். அவளுக்கு அப்போது 12 வயது. தூங்கும்போது கதவுக்குப் பின்னால் நாற்காலியைச் சாத்திவைத்துப் பழகியிருந்தாள், எனக்கு அதுவே தெரியாது.

அதனால் முதல் நாள் "விடாதீர்கள்" என்று ஒரே சொல்லில் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன் தம்பி. உங்கள் எட்டு வயதுப் பெண்ணுக்கு இன்றைக்கே பாதுகாப்பு வேண்டும். ஒருவரை ஒருவரிடமிருந்து பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றால் பிரியுங்கள். நாங்கள் கடைசியில் செய்தது: மகள் வெளியேறுவது நியாயமில்லை என்று, டிஸ்சார்ஜுக்குப் பிறகு மகன் ஏழு மாதம் புதுக்கோட்டையில் என் அண்ணன் வீட்டில் இருந்தான். அண்ணனுக்குப் பிள்ளைகள் இல்லை. அண்ணி நிதானமானவர், குரலை உயர்த்தவே மாட்டார். சைக்காலஜிஸ்ட் அவர்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்தார். நான் வாரம் இரண்டு முறை பஸ்ஸில் போய் வந்தேன். ஆரிகனில் இதையே முறையான சிகிச்சையாகச் செய்கிறார்கள்: பயிற்சி பெற்ற ஒரு வளர்ப்புக் குடும்பத்தில் ஒரே ஒரு பிள்ளை, அதே நேரத்தில் அவன் சொந்தப் பெற்றோருக்கும் பயிற்சி. பாட்டி வீட்டுக்கும் மாமா வீட்டுக்கும் பிள்ளையை அனுப்பிப் பழகிய நமக்கு இது புதிதில்லை. அந்தப் பயிற்சிதான் நம்மிடம் இல்லை.

திருநெல்வேலி அம்மாவுக்கு: உங்கள் மகள் நாற்காலியைச் சாத்தவில்லைதானே? கேட்டுப் பாருங்கள்.

15 ஜூன், காலை 6.30
என்ன பயிற்சி என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். ஜெரால்ட் பேட்டர்சன் என்ற ஆய்வாளர் குடும்பங்களின் வீட்டுக்கே போய் உட்கார்ந்து கவனித்துக் கண்டுபிடித்த ஒரு சுழல் இருக்கிறது. நான் "போனை வை" என்கிறேன். அவன் கத்துகிறான். நான் இன்னும் கத்துகிறேன். அவன் எதையாவது தூக்குகிறான். நான் "எக்கேடும் கெட்டுப் போ" என்று விட்டுவிடுகிறேன். அவன் அமைதியாகிறான். அந்த நிமிடத்தில் இரண்டு பேருக்குமே நிம்மதி. கத்தினால் வேலை நடக்கும் என்று அவன் கற்கிறான், விட்டுக்கொடுத்தால் சத்தம் நிற்கும் என்று நான் கற்கிறேன். மறுநாள் இருவருமே இன்னும் வேகமாக அங்கே போய்ச் சேருகிறோம்.

அதை உடைப்பது சின்னச் சின்ன வேலை. உத்தரவு ஒன்றே ஒன்று, பக்கத்தில் போய், தாழ்ந்த குரலில், ஒரே தரம். செய்தால் உடனே வாயைத் திறந்து நல்ல வார்த்தை. எனக்கு அந்த நல்ல வார்த்தைதான் வரவே இல்லை. முதல் வாரம் ஒரு நாளைக்கு மூன்று முறை என்று நோட்டில் கணக்குப் போட்டுப் பழகினேன்.

21 ஜூன், இரவு 9.15
டெக்சாஸிலிருந்து ஒரு தம்பதி. மகளுக்கு 16 வயது, யூட்டா மாநிலத்தில் ஒரு தங்கும் மையத்துக்கு அனுப்பச் சொல்கிறார்களாம், "அங்கே எல்லாம் லைசென்ஸ் உள்ள இடங்கள், நம் ஊர் மாதிரி இல்லை" என்கிறார்கள்.

அங்கேயும் இதே கதைதான். இரவில் கூலிக்கு ஆள் வந்து பிள்ளையைப் படுக்கையிலிருந்து எழுப்பிக் கூட்டிப்போவது அங்கே ஒரு தொழிலாகவே இருக்கிறது. அவர்கள் பழனி என்றுகூடச் சொல்வதில்லை. 2020-ல் மிச்சிகன் மாநிலத்தின் கலமசூவில், சாப்பாட்டு அறையில் சாண்ட்விச்சை எறிந்ததற்காக 16 வயதுப் பையனை ஊழியர்கள் பலர் சேர்ந்து அழுத்திப் பிடித்ததில் அவன் இறந்துபோனான். பாரிஸ் ஹில்டன் என்ற அமெரிக்கப் பிரபலம் 2021-ல் யூட்டா சட்டமன்றக் குழுவின் முன்னால், சின்ன வயதில் தனக்கு அங்கே நடந்ததைச் சாட்சியாகச் சொன்னார். அந்த வருடமே யூட்டா சட்டத்தைக் கடுமையாக்கியது, பிள்ளை வாரம் ஒரு முறையாவது வீட்டோடு ரகசியமாகப் பேச வழி இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. 2024 ஜூனில் செனட் நிதிக் குழு இந்த மையங்களைப் பற்றி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது, டிசம்பரில் நாடு முழுவதற்குமான சட்டம் கையெழுத்தானது.

இன்னொன்று. உங்கள் ஊரில்தான் வீட்டுக்கே வரும் சிகிச்சையும் இருக்கிறது. மல்ட்டிசிஸ்டமிக் தெரபி என்று கேளுங்கள், தென் கரோலினாவில் ஸ்காட் ஹெங்கலரும் குழுவினரும் உருவாக்கியது. மூன்றிலிருந்து ஐந்து மாதம், ஒரு சிகிச்சையாளருக்கு நான்கைந்து குடும்பம்தான், நள்ளிரவில் கூப்பிட்டாலும் ஆள் கிடைக்கும். அது உங்கள் பகுதியில் இருக்கிறதா என்று விசாரிக்காமல் யூட்டாவுக்கு டிக்கெட் போடாதீர்கள்.

2 ஜூலை, இரவு 10.30
"அரசு இல்லமாவது பரவாயில்லையா" என்ற கேள்வி. கூர்நோக்கு இல்லம் என்பது வழக்கில் சிக்கிய பிள்ளைகளுக்கு, வீட்டில் அடங்காத பிள்ளைக்கு அது வழியே இல்லை. கோபத்தில் "போலீஸ்ல பிடிச்சுக் கொடுத்துடுவேன்" என்று நானும் சொல்லியிருக்கிறேன். 2022 டிசம்பர் 31-ல் செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் ஊழியர்கள் அடித்ததில் இறந்தான். திருட்டு வழக்கு. அதன் பிறகுதான் நீதிபதி சந்துருவை ஒரு நபர் குழுவாக அரசு நியமித்தது. அந்தச் செய்தி வந்த அன்று என் மகன் டிவியை அணைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போனவன் விடியும்வரை இறங்கவில்லை.

ஏர்வாடி மனநலக் காப்பகத்தை மறந்திருக்க மாட்டீர்கள். 2001 ஆகஸ்ட் 6, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் போனார்கள். அவர்களை அங்கே விட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. இனி முடியாது என்ற இடத்துக்கு வந்த அம்மாக்கள், அண்ணன்கள். நானும் அதே இடத்தில்தான் நின்றேன்.

எந்த இடமானாலும் சான்றிதழைக் கேளுங்கள். மனநல நிலையம் என்றால் மாநில மனநல ஆணையத்தின் பதிவு. குழந்தைகள் இல்லம் என்றால் இளைஞர் நீதிச் சட்டம் 2015-ன்படி பதிவு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். அறக்கட்டளை, குருகுலம், யோகா மையம் என்று போர்டு மாட்டிக்கொண்டு இரண்டுமே இல்லாமல் நடத்துவது உண்டு. நான் விட்ட இடமும் அப்படித்தான். சான்றிதழ் இருந்தாலும் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் போய் நில்லுங்கள். உள்ளே விடுகிறார்களா என்று பாருங்கள்.

19 ஜூலை, இரவு 8.45
இதையெல்லாம் அவனுக்குத் தெரியாமல் எழுதுவது சரியில்லை என்று தோன்றி, மகனிடம் காட்டினேன். அவனுக்கு இப்போது 22. சொல்வதை எழுத ஆள் வைத்து, கூடுதலாக ஒரு மணி நேரம் வாங்கிப் பத்தாவது பாஸ் செய்து, ஐடிஐ முடித்து, ஏசி மெக்கானிக்காக இருக்கிறான். படிக்க இன்றைக்கும் நேரமாகும். இரண்டு மணி நேரம் போனை வைத்துக்கொண்டு முழுவதையும் படித்தான், நடுவில் ஒரு தடவை எழுந்து போய்த் தண்ணீர் குடித்தான்.

"எல்லாம் சரிம்மா. ஆனா அங்கே என்னைய கூட்டிட்டுப் போறப்ப நீ காரை விட்டு இறங்கலைனு எழுதியிருக்கே. இறங்கினே. கேட் கிட்ட வந்து என் செருப்பைக் கொடுத்துட்டுப் போனே" என்றான்.

எனக்கு அது நினைவே இல்லை. அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஜூன் 4 பதிவில் அந்த வரியைத் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

பழனிக்கு மட்டும் அவன் இன்னும் வருவதில்லை. நாங்களும் கூப்பிடுவதில்லை.

11 ஆகஸ்ட், காலை 5.40
நாமக்கல் தம்பியிடமிருந்து தகவல். அந்த இல்லத்துக்குப் போய் "என் மனைவி கூடத் தங்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். சிரித்தார்களாம். கிளம்பி வந்துவிட்டார். 14416 எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி மையத்தில் பேசி, மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்த்து, அங்கிருந்து குழந்தைகள் வார்டு உள்ள மருத்துவமனைக்குக் கடிதம் வாங்கியிருக்கிறார். பெண் குழந்தை ராசிபுரத்தில் அத்தை வீட்டில். பையனிடம் எங்கே போகிறோம் என்று உண்மையைச் சொல்லிவிட்டாராம். கதவை எட்டி உதைத்துவிட்டு, மறுநாள் காலையில் அவனே பையில் துணி எடுத்து வைத்திருக்கிறான்.

வியாழக்கிழமை அட்மிஷன், என்ன கொண்டுபோக வேண்டும் என்று கேட்கிறார். எழுதிக்கொள்ளுங்கள் தம்பி: ஆதார் நகல் நான்கு, பழைய பள்ளி நோட்டுகள் (கிழிந்ததும் பரவாயில்லை, அதைத்தான் முதலில் கேட்பார்கள்), பாய், இரண்டு போர்வை, ஃபிளாஸ்க், கொசுவத்தி வேண்டாம், வலை கொண்டுபோங்கள். உங்கள் மனைவியின் கையில் இன்னும் கட்டு இருந்தால் முதல் வாரம் நீங்களே தங்குங்கள். அப்புறம் அவனுக்கு ஒரு கேரம் போர்டு. வார்டில் இருப்பது எல்லாவற்றிலும் ஸ்ட்ரைக்கர் தொலைந்துபோயிருக்கும்.